தாத்தா இல்லை, தாத்தா

பேச்சு டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கியிருந்த அறையில், அவளுக்கு முன்பே கால்பந்துகள் குடியிருந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் வந்ததும், கதவை இடுப்பால் தள்ளித் திறந்து, வலைப்பையிலிருந்து நழுவி உருண்டு கிடக்கும் பந்துகளைக் காலாலேயே மூலைக்கு ஒதுக்குவாள். பிறகு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் தாண்டும் தடுப்புகளை நிமிர்த்திச் சுவரோரமாக அடுக்குவாள். குட்டிக்கரணம் போடுகிற மெத்தைகளுக்கும் ஸ்கிப்பிங் கயிற்றுக் குவியலுக்கும் நடுவே ஒரு சின்ன மேசையும் இரண்டு குட்டி நாற்காலிகளும் போட இடம் பிறக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை முட்டும். அறை முழுக்க ரப்பர் வாடையும் ஈரமண் வாடையும் அடிக்கும்.

காகிதத்தில் அவளுடைய பதவிப் பெயர் நீளமானது. ஒரே மூச்சில் சொன்னால் சொல்கிறவருக்கே பேச்சுப் பயிற்சி தேவைப்படும். அதனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பேச்சு டீச்சர்தான். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பள்ளிக்கூடம். ஒன்றில் மாடிப்படிக்கு அடியில், ஒன்றில் நூலகத்தின் பின்மூலையில், இங்கே விளையாட்டுச் சாமான் அறையில்.

அறைக்குச் சொந்தக்காரர் விளையாட்டு மாஸ்டர். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை. தன் வீட்டு முன்பக்கத்தை வாடகைக்கு விட்டவரைப் போன்ற பெருந்தன்மையோடு அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

"பந்தை உதைச்சே தள்ளுங்க டீச்சர், தப்பில்ல. அது பொறந்ததே அதுக்குத்தான்."

அன்றைக்கு அவர் போன பிறகு, இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒரு பெண் குழந்தையை மணிக்கட்டில் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். ஏழு வயதிருக்கும். இரட்டைப் பின்னல், ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. சீருடை மட்டும் அப்படியொரு வெள்ளை. மற்ற பிள்ளைகளின் வெள்ளையெல்லாம் அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரியும்.

"இவள நீங்கதான் பாக்கணும் டீச்சர்," என்றாள் வகுப்பு டீச்சர். அவள் குரல் காலையிலேயே கரகரத்திருந்தது. "என்ன கேட்டாலும் தரையத்தான் பாக்குறா. வாசிக்கச் சொன்னா சிலை மாதிரி நிக்கிறா. எனக்கு அங்க ஒரு சந்தைக்கூட்டமே இருக்கு, இவ ஒருத்திகிட்டயே நிக்க முடியுமா? புத்தி மட்டுன்னு ஹெட்மாஸ்டர் முடிவே பண்ணிட்டாரு. பருவம் முடியறதுக்குள்ள அவர் முன்னால வாசிச்சுக் காட்டலன்னா, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு ஊருக்கு வெளிய இருக்கே அந்தத் தனிப் பள்ளிக்கூடம், அங்க மாத்திருவாங்க."

"ஒரு வார்த்தைகூட பேசினதே இல்லையா?"

"இங்க சேர்ந்த முதல் வாரத்துல பேசினா. நல்லாவே வாயாடினா." வகுப்பு டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். சொல்வதற்கு முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஜன்னலுக்கு வெளிய காக்கா ஒண்ணு உக்காந்திருந்துச்சு. இவ எந்திரிச்சு, 'டீச்சர், டீச்சர், மரத்துல தாத்தா'ன்னா. எந்தத் தாத்தாடின்னு நான் எட்டிப் பாக்குறேன். 'பறந்து போச்சு'ங்கிறா. அவ்வளவுதான், வகுப்பே உருண்டு பொரண்டு சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சுட்டேன். அன்னியில இருந்து இவளுக்குப் பேரே தாத்தா. கைத்தடி எங்க தாத்தா, பல்லு செட்டு எங்க தாத்தான்னு ஒரே கேலி. அதோட வாய மூடினவதான்."

குழந்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு டீச்சர் போன பிறகு பேச்சு டீச்சர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பேர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு பந்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"மஞ்சப் பந்த எடுத்து வாளிக்குள்ள போடணும். அப்புறம் ஒரு வளையத்த எடுத்து என் தலையில மாட்டணும். ஆனா அதுக்கு முன்னாடி ஓடிப்போய் ஜன்னலத் தொட்டுட்டு வரணும். முடியுமா, முடியாதா?"

குழந்தை ஒரு நொடி யோசித்தாள். பந்து வாளிக்குள் போயிற்று. ஓடிப்போய் ஜன்னலைத் தொட்டாள். திரும்பி வந்து வளையத்தை டீச்சர் தலையில் மாட்டினாள். யாரும் சொல்லாமலேயே இன்னொரு வளையத்தையும் எடுத்து மாட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

'புத்தி மட்டாம், புத்தி மட்டு' என்று டீச்சர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். கழுத்தில் இரண்டு வளையத்தோடு குழந்தையின் முதுகுப் பக்கம் போய், வாயைக் கையால் மறைத்து, மூச்சுவிடுகிற சத்தத்தில், "மேசைக்கு அடியில மிட்டாய் இருக்கு," என்றாள். குழந்தை சட்டென்று குனிந்தாள். மிட்டாய் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் ஒருமுறை காதைச் சோதித்துவிடலாம். ஆனால் இது காது செய்கிற கோளாறாகத் தெரியவில்லை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். மேலண்ணத்தில் பிளவில்லை. நாக்கு மேலும் கீழும் இடமும் வலமும் நன்றாகவே போயிற்று. தன் மூக்கையே தொடச் சொன்னதும் அந்த நாக்கு தன்னால் ஆன மட்டும் எம்பிப் பார்த்தது.

பிறகு படங்களை எடுத்துப் பரப்பினாள். கண்ணாடி போட்ட ஒரு கிழவர் படம், ஒரு காக்கைப் படம்.

"தாத்தா எங்க?" குழந்தையின் விரல் கிழவர்மேல் போயிற்று. "காக்கா எங்க?" விரல் காக்கைமேல். மாற்றி மாற்றிக் கேட்டாள். விரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அப்போது டீச்சர் காக்கைப் படத்தைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஆகா, இந்தத் தாத்தா எவ்வளவு கறுப்பா இருக்காரு பாரு," என்றாள்.

குழந்தையின் தலை வேகமாக ஆடிற்று. இல்லை.

"தாத்தாதானே?"

இல்லை, இல்லை. பின்னல் கன்னத்தில் அடித்தது.

"நல்லாப் பாரு. எங்க ஊர்ல இதுக்குப் பேரு தாத்தாதான். தாத்தா."

மாதக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் மூடியிருந்த வாய் கோபத்தில் திறந்துகொண்டது.

"தாத்தா இல்ல!" குழந்தை மேசையில் அடித்தாள். "தாத்தா! இது தாத்தா இல்ல, தாத்தா!"

பேச்சு டீச்சர் சிரிக்கவில்லை. "ஓகோ," என்றாள். "தாத்தா இல்லையா. காக்காவா?"

"ஆமா! தாத்தா!" என்றாள் குழந்தை, ஒருவழியாகப் புரியவைத்த நிம்மதியோடு. நாற்காலியில் சாய்ந்து மிட்டாயைப் பிரித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சு டீச்சர் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பின்புறமிருந்த சலவைக் கூடத்துக்குப் போனாள். பள்ளிக்கூடம் சொல்லி அனுப்பியும் குழந்தையின் அம்மா வரவில்லை. வர முடியாதென்று அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆள் உயர இயந்திரங்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நீராவியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. தள்ளுவண்டிகளில் மலைபோலக் குவிந்து வந்த படுக்கை விரிப்புகளைப் பெண்கள் உதறிப் பிரித்துக் கறை பார்த்து ரகம் பிரித்தார்கள். எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள்.

"குட்டி ஏதும் பண்ணிட்டாளா டீச்சர்?" என்று குழந்தையின் அம்மா கத்தினாள். மெலிந்த பெண். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நின்று பேச அவளுக்கு நேரமில்லை. ஒரு விரிப்பின் இரண்டு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டு முனையை டீச்சர் கையில் கொடுத்தாள். இழுத்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போனார்கள். பேச்செல்லாம் கிட்டே வரும்போதுதான்.

"ஒண்ணும் பண்ணல. கெட்டிக்காரப் பிள்ளை."

விலகினார்கள். உதறினார்கள்.

"வீட்டுல வாயே மூடமாட்டா டீச்சர். பள்ளிக்கூடத்துல ஊமையாம். எனக்கு ஒண்ணும் புரியல."

அடுத்த விரிப்பு.

"அந்தத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குன்னா ரெண்டு பஸ் மாறணும். கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரணும். நான் இந்த வேலைய விட்டாத்தான் முடியும். விட்டா..." அவள் விரிப்பை மார்போடு மடித்து அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். அதற்கு மட்டும் கத்தவில்லை. டீச்சர் அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். "வயித்துல இவ இருந்தப்போ கடைசி வரைக்கும் இந்த மிஷின்கிட்டதான் நின்னேன். இந்தச் சத்தம்தான் பிள்ளைய இப்படி ஆக்கிருச்சுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. ஆமாவா டீச்சர்?"

"இல்லவே இல்ல." டீச்சர் விரிப்பை விட்டுவிட்டு அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். "உங்களாலயும் இல்ல, மிஷினாலயும் இல்ல. அவ நாக்கு முன்பக்கமே குதிச்சுட்டு இருக்கு. 'க' சொல்ல நாக்கோட பின்பக்கம் எந்திரிக்கணும். அதுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்குன்னு இன்னும் அதுக்குத் தெரியல, அவ்வளவுதான். சொல்லிக் குடுத்தாப் போய்க்கும்."

அம்மா கையிலிருந்த விரிப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மறுகணமே அதைப் பார்த்து, "ஐயையோ, சலவை பண்ணினது!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழுக்கு வண்டியில் எறிந்தாள். பக்கத்தில் ரகம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பயிற்சி அடுத்த செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. முதல் பாடம் தண்ணீர். ஆளுக்கொரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அண்ணாந்து தொண்டையில் கரகரக்க வேண்டும். நாக்கின் பின்பக்கம் அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியில்லை. குட்டி முதல் வாய்த் தண்ணீரை விழுங்கினாள். இரண்டாவது வாயில் சிரிப்பு வந்து டீச்சர் சட்டையெல்லாம் தெறித்தது. மூன்றாவது முறை வந்தது ஒரு சத்தம்! பழைய மோட்டார் கிளம்புகிற மாதிரி. குட்டிக்கே ஆச்சரியம். நிறுத்தவே மாட்டேனென்று விட்டாள்.

அடுத்ததாக இருவரும் மெத்தையில் மல்லாந்து படுத்தார்கள். படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். டீச்சர் ஒருக்களித்து எழுந்து, ஐஸ் குச்சியால் குட்டியின் நாக்கு நுனியை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'த' சொல்லச் சொல்வாள். நுனி கட்டுண்டு கிடப்பதால் பின்பக்கம் எழுந்துதான் ஆகவேண்டும். நாக்குக்கு வேறு வழியில்லை. ஆனால் நாக்கு லேசுப்பட்டதல்ல. குச்சிக்கு அடியிலிருந்து நழுவித் தன் பழைய இடத்துக்கே போய் நின்றது. இப்படிப் பல செவ்வாய்க்கிழமைகள் போயின. ஒருநாள் விளையாட்டு மாஸ்டர் கயிறு எடுக்க வந்தவர், டீச்சரும் மாணவியும் கூரையைப் பார்த்து மல்லாந்து கிடந்து கரகரப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆம்புலன்ஸ் வரச் சொல்லட்டுமா?"

"பாடம் நடக்குது சார். சத்தம் போடாதீங்க."

மாஸ்டர் விசிலைக் கையால் பொத்திக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார்.

காத்திருந்த சத்தம் வந்த நாளில் வெளியே மழை. மைதானத்தில் ஆட்டம் இல்லை, அறையில் அமைதியாக இருந்தது. குச்சி நாக்கு நுனியில் இருந்தது. "த சொல்லு," என்றாள் டீச்சர், வழக்கம்போல.

"க," என்றது வாய்.

குட்டி விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, யார் சொன்னது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தடுப்புகளும் பந்துகளும்தான் இருந்தன.

"நீதான்," என்றாள் டீச்சர். குரலை இயல்பாக வைத்திருக்கப் பெரும்பாடுபட்டாள். "இன்னொரு தடவை வருதா பாப்போமா?"

வந்தது. குச்சியோடு வந்தது, பிறகு குட்டி தன் விரலால் பிடித்துக்கொள்ள வந்தது, மணியடிப்பதற்குள் விரலும் இல்லாமல் ஒருமுறை வந்தது. வகுப்புக்குப் போகிற வழியெல்லாம் குட்டி ஒவ்வொரு தூணுக்கும் ஒரு 'க' சொல்லிக்கொண்டு போனாள். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, யாரும் இல்லாத அறையில், ஒரு பந்தை ஓங்கி உதைத்தாள்.

மீதி வேலையைச் சலவைக் கூடம் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் குட்டி அங்கேதான் போய் அம்மாவின் வேலை முடியும்வரை மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருப்பாள். தினமும் கொஞ்சம் பழக்கணும் என்று டீச்சர் சொன்னதை அம்மா ஒருத்தியாகச் செய்யவில்லை. கூடத்துப் பெண்கள் எல்லாருக்கும் பங்கு கொடுத்துவிட்டாள். ஒருத்தி விரிப்பைத் தூக்கிக் காட்டி, "இது என்ன குட்டி?" என்பாள். "கறை!" என்று குட்டி கத்துவாள். "இது?" "கம்பளி!" "இது கிழிஞ்சிருக்கா, கிழியலையா?" "கிழிஞ்சிருக்கு!" அந்த இரைச்சலில் வாய்க்குள் முனகினால் யாருக்கும் கேட்காது. சொல்வதை நெஞ்சிலிருந்து சொல்லியாக வேண்டும். சரியாக வந்தால் கைதட்டல். தப்பாக வந்தால், "காது கேக்கல, இன்னொரு தரம்!" என்பார்கள். ஒருநாள் அவள் தன் பெயரைக் 'குட்டி' என்றே சொன்னபோது, நீராவி இஸ்திரிக்காரி மிஷினை நிறுத்திவிட்டு வந்து அவளைத் தூக்கிச் சுற்றினாளாம். அதுவரை அவள் தன்னை 'துட்டி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த மகிழ்ச்சியில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. 'க' கைக்கு வந்ததும் குட்டி அதைக் கண்ட இடத்திலெல்லாம் போட ஆரம்பித்தாள். தண்ணி 'கண்ணி' ஆயிற்று. தட்டு 'கட்டு' ஆயிற்று. அம்மாவின் அப்பா ஊரிலிருந்து வந்தபோது வாசலுக்கு ஓடிப்போய், "காக்கா வந்தாச்சு!" என்று அறிவித்தாள். பெரியவர் திகைத்து வானத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம்.

"டீச்சர், கலைமையாசிரியர் உங்களக் கூப்பிடுறாரு," என்று ஒருநாள் வந்து நின்றாள்.

"எந்த ஆசிரியர்?"

"கலைமை!"

பேச்சு டீச்சருக்கு அன்றைக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. குட்டியும் சேர்ந்து சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் தப்பைக் கண்டு ஒளிந்துகொள்வதில்லை. தப்பு என்பது அவளுக்கும் டீச்சருக்கும் இடையிலான ஒரு விளையாட்டாகிவிட்டிருந்தது. கிழவர் படமும் காக்கைப் படமும் மறுபடி வெளியே வந்தன. முன் வீடு, பின் வீடு. இந்தச் சொல் எந்த வீட்டில் குடியிருக்கிறது? தண்ணி முன் வீடு. கண்ணு பின் வீடு. தக்காளிக்கு முன்னாலும் வீடு, பின்னாலும் வீடு.

"தத்தாளிக்கு மட்டும் ரெண்டு வீடா? ச்சே... தக்-காளி. பணக்காரத் தக்காளி!"

பருவத் தேர்வுக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் வாசிக்கக் கூப்பிட்டார். அது செவ்வாய்க்கிழமை இல்லை. பேச்சு டீச்சர் வேறொரு பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையைத் தியாகம் செய்துவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அம்மா ஏற்கெனவே வந்திருந்தாள். ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாள். சலவைக் கூடத்து ஏப்ரனைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டதைக் கவனித்து, இப்போது அதை உருட்டி உருட்டி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் கெட்டவரில்லை. கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர், எல்லாவற்றையும் முடித்துவைப்பதில் விருப்பமுள்ளவர். பாடப்புத்தகத்தை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தார். "எது வருதோ அது. அப்பத்தான் நியாயம்."

பேச்சு டீச்சர் எட்டிப் பார்த்தாள். பழக்கியது எல்லாம் ஒற்றை ஒற்றைச் சொல். இந்தப் பக்கத்திலோ திரும்பிய இடமெல்லாம் 'க'.

குட்டி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். வரியில் விரல் வைத்தாள். சலவைக் கூடத்துப் பழக்கத்தில் பெருங்குரலெடுத்து ஆரம்பித்தாள்.

"கரடி! ஒன்று! குகையில்! இருந்தது!"

வெளியே வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். வகுப்பு டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கொஞ்சம் மெதுவாவே படிக்கலாம்மா," என்றார் தலைமையாசிரியர், காதைத் தேய்த்துக்கொண்டு.

"குகைக்குப் பக்கத்தில் ஒரு குளம். குளக்கரையில்..." விரல் நின்றது. அம்மா ஏப்ரனைக் கசக்கினாள். "குளக்கரையில் கொத்து ஒன்று..."

தலைமையாசிரியர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அடுத்த வரிக்குத் தலையை ஆட்டினார். ஆனால் குட்டி அடுத்த வரிக்குப் போகவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். விரலைப் பின்னால் நகர்த்தினாள். "கொத்து இல்ல," என்றாள், தன் நாக்கை அதட்டுகிற தொனியில். "கொக்கு. குளக்கரையில் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது."

பக்கம் முடிகிறவரை வாசித்தாள். முடிந்ததும் புத்தகத்தை மூடி அவரிடம் நீட்டினாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சார், உங்க கண்ணாடில கறை இருக்கு. எங்க அம்மாகிட்ட குடுங்க, போயிரும்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இருந்தது. சட்டை நுனியால் துடைத்தபடி அவர் சிரிக்க ஆரம்பித்தார். வகுப்பு டீச்சர் உள்ளே வந்து குட்டியின் அவிழ்ந்த பின்னலை எடுத்துப் பின்னிவிட்டாள். அம்மா மட்டும் கறையும் தெரியாமல் சிரிப்பும் தெரியாமல், "அப்ப மாத்த மாட்டீங்கதானே சார்? மாத்த மாட்டீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"எங்கயும் மாத்தல. இங்கயேதான் இருப்பா," என்றார் அவர். "கொஞ்சம் சத்தத்த மட்டும் கொறைக்கச் சொல்லுங்க."

புதுப் பருவம் தொடங்கிய செவ்வாய்க்கிழமை பேச்சு டீச்சர் வந்து பந்துகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியரே அறைக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அந்தச் சின்ன நாற்காலியில் உட்காரப் பார்த்து, முடியாதென்று கண்டு நின்றுகொண்டார்.

"உங்களப் பத்தி மேலிடத்துல அப்படிச் சொல்லியிருக்கேன் டீச்சர். போன்ல அரைமணி நேரம். அவங்களுக்கும் ரொம்பச் சந்தோஷம்." அவர் ஒரு பந்தைக் காலால் உருட்டினார். "அதனால இந்தச் செவ்வாய்க்கிழமைய வேற ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறாங்களாம். அடுத்த வாரத்துல இருந்து."

"சார், நாலாம் வகுப்புல திக்குற பையன இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். ஒண்ணாம் வகுப்புல ஒரு பொண்ணு ரெண்டே வார்த்தைதான் பேசுறா."

"நானும் சொன்னேன். 'உங்க ஸ்கூல்லதான் பிரச்சினை தீர்ந்துருச்சே'ன்னாங்க. ஒரே ஆளு, எத்தனை ஸ்கூலுக்குப் பிச்சுக் குடுக்கிறதுன்னும் கேட்டாங்க." அவர் பந்தை மூலைக்கு உருட்டிவிட்டுப் போனார்.

அன்று அவள் திக்குகிற பையனோடும் ஒன்றாம் வகுப்புப் பெண்ணோடும் மணியடித்த பிறகும் இருந்தாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, விளையாட்டு மாஸ்டர் மைதானத்து நடுவிலிருந்து விசிலை ஊதாமல் உயர்த்திக் காட்டினார். குட்டி வாசல்வரை கூடவே வந்து, தன் வகுப்பில் யார் யாருக்குப் பல் விழுந்தது என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்க்க ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். சலவைக் கூடத்து ஏப்ரன் கட்டியிருந்தாள். அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து வயதில் ஒரு பிள்ளை.

"பேச்சு டீச்சர்தானே? குட்டி அம்மாகூடத்தான் வேலை பாக்குறேன்," என்றாள் அந்தப் பெண். ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கிற்று. "இவன் அம்மாங்கிறத தவிர ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத்தான் அரைநாள் விட்டாங்க. இனி அடுத்த மாசம்தான் கேக்கணும். நீங்க செவ்வாய்க்கிழமை வருவீங்கன்னு சொன்னாங்க."

டீச்சருடைய பஸ் வந்து நின்றது. நடத்துநர் அவளைப் பார்த்தார். அவள் கையை ஆட்டிப் போகச் சொன்னாள். நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சின் தூசியைத் தட்டிவிட்டு, "உக்காருங்க," என்றாள். பையை மடியில் கவிழ்த்து அதன்மேல் ஒரு பூனைப் படத்தை வைத்தாள். பிள்ளை அம்மாவின் விரலை விடாமல் கிட்டே வந்தான். படத்தைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். அவன் உதடுகள் குவிந்தன.

அப்போது ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று தரை அதிர வந்தது. டீச்சர் குனிந்து தன் காதை அவன் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அவனும் குவித்த உதட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கட்டுமென்று காத்திருந்தான். முதல் லாரிக்குப் பின்னால் இன்னொன்று வந்தது.